கூலி கொடுத்தால் துணி நம்முடையது, சாஃப்ட்வேர்?

திருப்பூர் பக்கமிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"அப்பா தொடங்கிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் எங்களுடையது. கூட்டாண்மை நிறுவனம், சுமார் 180 பேர் வேலை செய்கிறார்கள். உற்பத்தியை அண்ணன் பார்க்கிறார். கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. 2022இல் கோவையில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்திடம், நூல் வாங்குவது தொடங்கி நிட்டிங், சாயம், கட்டிங், பவர்டேபிள், செக்கிங், பேக்கிங் வரைக்கும் கணக்கு வைக்க ஒரு சாஃப்ட்வேர் செய்யச் சொன்னோம். 14 லட்சம் பேசி 11.5 லட்சம் கொடுத்துவிட்டோம். ஜாப் ஒர்க் (வெளியே கூலிக்குக் கொடுக்கும் வேலை) கணக்கில் இன்னும் தப்பு வருவதால் மீதி 2.5 லட்சத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம். எத்தனையோ தடவை போனில் சொல்லியும் சரிசெய்யவில்லை.

"இப்போது வருடப் பராமரிப்புக்கு 1.5 லட்சம் போதாது, 4 லட்சம் வேண்டும் என்கிறார்கள். சோர்ஸ் கோடை (சாஃப்ட்வேரின் மூல நிரலை) கொடுத்துவிடுங்கள், வேறு ஆளை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்றால் அதற்கு 9 லட்சமாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் சர்வரை நிறுத்திவிடுவார்களாம். கிளவுட் கணக்கு அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. நெட் போனால் வேலை நிற்கக் கூடாது என்று 2023இல் எங்கள் அலுவலக சர்வரிலும் ஒரு நகல் போட்டுக் கொடுத்தார்கள். ஒப்பந்தம் என்று தனியாக எதுவும் இல்லை. இரண்டு பக்கக் கொட்டேஷன், எங்கள் பர்ச்சேஸ் ஆர்டர், 'சாஃப்ட்வேர் முழுக்க உங்களுக்கே சொந்தம்' என்று அவர்களின் மார்க்கெட்டிங் ஆள் அனுப்பிய ஒரு மெயில், அவ்வளவுதான்.

"அங்கே வேலை பார்த்து விலகிய பையன் ஒருவன், 60,000 கொடுத்தால் கோடு முழுவதையும் பென் டிரைவில் தருகிறேன் என்கிறான். அண்ணன் மோசடி என்று போலீஸில் புகார் கொடுக்கலாம் என்கிறார். அப்பாவோ, கோர்ட்டு வாசல் வேண்டாம், கேட்டதைக் கொடுத்து முடித்துவிடு என்கிறார். நான் நாலு பேரை வேலைக்கு வைத்து நாமே எழுதி, பொங்கல் லீவில் புதியதற்கு மாறிவிடலாம் என்று நினைக்கிறேன். காசு கொடுத்துச் செய்த பொருள் எங்களுடையதுதானே? எங்கள் ஆபீஸ் பையன், இது ஏதோ இலவச மென்பொருள் மேலே கட்டியதுதான் என்று வேறு சொல்கிறான். அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

உங்கள் கடிதத்தில் ஐந்தாறு கேள்விகள் இருந்தாலும், எல்லாமே "எங்களுடையதுதானே?" என்ற அந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கான பதில் உங்களுக்கு வருத்தம் தரும். பின்னால் சொல்லப்போவதில் ஆறுதலும் இருக்கிறது, பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் அப்படி நினைத்ததில் தப்பே இல்லை. உங்கள் ஊரின் தொழிலே அப்படித்தான் நடக்கிறது. நூலை நிட்டிங்குக்கு அனுப்புகிறீர்கள், துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்புகிறீர்கள், டிசி (டெலிவரி சலான்) போடுகிறீர்கள், கூலி கொடுக்கிறீர்கள், பொருள் திரும்பி வருகிறது. எத்தனை கை மாறினாலும் சரக்கு உங்களுடையது. சாயப்பட்டறைக்காரர் துணி எனக்குச் சொந்தம் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். ஆனால் அங்கே நூல் உங்களுடையது என்பதால்தான் துணியும் உங்களுடையதாகிறது. சாஃப்ட்வேரில் நூலும் அவர்களுடையதுதான்.

1957ஆம் ஆண்டு காப்புரிமை (காப்பிரைட்) சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வகையில் சேர்த்திருக்கிறது. அதன் 17ஆம் பிரிவின்படி படைப்பின் முதல் உரிமையாளர் அதை எழுதியவர். சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்குப் போகும். இங்கே முதலாளி கோவை நிறுவனம். நீங்கள் வாடிக்கையாளர். கல்யாணத்துக்குப் பணம் கொடுத்து போட்டோ எடுக்கச் சொன்னால், வேறு பேச்சு இல்லாத பட்சத்தில் உரிமை பணம் கொடுத்தவருக்கு என்று அதே பிரிவு சொல்கிறது. அந்தச் சலுகைப் பட்டியலில் கணினி நிரல் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொண்ட தொழிலதிபர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கோடிக்கணக்கில் ஆர்டர் எடுப்பவர்களும் இதில் உங்களைப் போலத்தான் இருக்கிறார்கள்.

சரி, அந்த மெயில்? உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்தெந்த நாடு என்றும் அதில் இருக்க வேண்டும். காலம் குறிக்கப்படாவிட்டால் 5 வருடம் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே வைத்துக்கொள்ளும். மார்க்கெட்டிங் ஆளின் ஒற்றை வரி மெயில் இந்தத் தேர்வில் தேறுவது கஷ்டம். ஆனாலும் அதை அழித்துவிடாதீர்கள். எதை நம்பி நீங்கள் 11.5 லட்சம் கொடுத்தீர்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. பேச்சுவார்த்தையில் நான் முதலில் மேசைமேல் வைக்கும் காகிதமும் அதுவாகத்தான் இருக்கும்.

இனி உங்கள் பக்கம் இருப்பவை. இந்தச் சாஃப்ட்வேரைத் தொடர்ந்து பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. அதற்காகத்தான் பணம் வாங்கியிருக்கிறார்கள். எழுத்தில் உரிமம் இல்லாவிட்டாலும், நடந்துகொண்ட விதத்திலிருந்து அப்படி ஓர் அனுமதி இருப்பதாக வாதிடுவதற்கு நல்ல இடம் உண்டு. முறைப்படி கையில் வைத்திருக்கும் நிரலை, எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகவும், தொலைந்தால் உதவும் காப்பு நகலுக்காகவும் பிரதி எடுப்பது மீறல் ஆகாது என்று 52ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இதையெல்லாம்விடப் பெரியது, உள்ளே இருக்கும் தகவல். எந்த ஸ்டைலுக்கு எத்தனை கிலோ துணி போனது, யாருக்கு எவ்வளவு கூலி, எந்த பையர் என்ன விலை கொடுத்தார் என்பதெல்லாம் உங்களுடையது. அதைப் பிணையாகப் பிடித்து வைக்க அவர்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

முதல் வேலை: டேட்டாவைக் கையில் எடுங்கள்

வக்கீல் நோட்டீஸ் பற்றி அப்புறம் பேசலாம். நோட்டீஸ் கையில் கிடைத்த அன்று மாலையே பாஸ்வேர்டு மாறிய கதைகள் எனக்குத் தெரியும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் பேக்கப், பிறகு கடிதம்.

அலுவலக சர்வரில் இருக்கும் டேட்டாபேஸை முழுவதுமாக நகல் எடுங்கள். கூடவே பையர் அனுப்பிய டெக்பேக் (ஆடையின் விவரக் குறிப்பு), ஸ்கேன் செய்த டிசி போன்ற இணைப்புக் கோப்புகளையும் எடுங்கள். டேட்டாபேஸை மட்டும் எடுத்துவிட்டு இவற்றை மறந்துபோவது எல்லோரும் செய்யும் தப்பு. பிறகு உங்களுக்கு முறையாகக் கொடுத்திருக்கும் லாகினிலிருந்து, பார்ட்டி பட்டியல், ஸ்டைல் பட்டியல், நிலுவை ஆர்டர், ஜாப் ஒர்க்கில் வெளியே நிற்கும் சரக்கு, கூலிக் கணக்கு எல்லாவற்றையும் எக்செல்லில் இறக்குங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த வருட ஆண்டு அறிக்கைக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டிய பொறுப்பும் உங்களுடையது. "சாஃப்ட்வேர்காரர் நிறுத்திவிட்டார்" என்பதை அதிகாரி காரணமாக ஏற்க மாட்டார்.

இ-வே பில், இ-இன்வாய்ஸ், ஜிஎஸ்டி தளம் ஆகியவற்றுக்காக அவர்களிடம் கொடுத்த பாஸ்வேர்டுகளைப் பட்டியல் போடுங்கள். மாற்றினால் எந்த வேலை நிற்கும் என்று பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: அவர்களின் கிளவுட் கணக்குக்குள் பாஸ்வேர்டை ஊகித்தோ, பழைய ஆளிடம் கேட்டோ நுழைந்துவிடாதீர்கள். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அனுமதியில்லாமல் நுழைபவர் எவராக இருந்தாலும் பாயும். கோபத்தில் இருப்பவருக்கு அதில் விலக்கு இல்லை.

அதே 43ஆம் பிரிவு உங்களுக்கும் கைகொடுக்கிறது. அனுமதி பெற்ற ஒருவரைக் கணினிக்குள் நுழைய விடாமல் தடுப்பதும் அதன் கீழ் வரும். கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இழப்பீடு 5 கோடி வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் தீர்ப்பு அதிகாரியாக இருந்து விசாரிக்கிறார். பராமரிப்புக் கட்டணம் முடிந்ததால் சேவையை நிறுத்துகிறோம் என்று அவர்கள் எதிர்வாதம் வைப்பார்கள். அதனால் இது முழு வெற்றி தரும் ஆயுதம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்னறிவிப்போ, டேட்டாவை எடுக்க அவகாசமோ இல்லாமல் சர்வரை அணைப்பது எத்தனை ஆபத்தானது என்று அவர்களுக்குப் புரிய வைக்க இது போதும்.

நிறுத்தி வைத்த 2.5 லட்சம்

பணம் நம் கையில் இருக்கிறது, அதனால் பிடி நம்மிடம் என்று நினைக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த இடம் இதுதான். கோவை நிறுவனம் உத்யம் பதிவு பெற்ற குறு அல்லது சிறு நிறுவனமா என்று அவர்களின் பில்லில் பாருங்கள். ஆமாம் என்றால் 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அவர்கள் பக்கம் நிற்கும். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும்.

வேலையில் குறை இருந்ததே என்பீர்கள். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் வைத்துக்கொள்கிறது. "எத்தனையோ தடவை போனில் சொன்னோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த அழைப்புகளுக்கு இங்கே பலம் குறைவு. வாட்ஸ்அப்பில், மெயிலில் ஏதாவது தப்பைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறீர்களா என்று தேடுங்கள். ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தால் அது தங்கம். தேதிவாரியாகத் தொகுத்து வையுங்கள். ஜாப் ஒர்க் கணக்கு எந்த இடத்தில் தப்புகிறது என்பதை உதாரணத்தோடு இன்றைக்காவது ஒரு மெயிலில் எழுதுங்கள். பிந்தியிருந்தாலும், எழுதாமல் இருப்பதைவிட நல்லது.

பென் டிரைவ் பையனிடம் போகாதீர்கள்

60,000க்கு முடிகிறதே என்ற ஆசை புரிகிறது. ஆனால் அந்தப் பையனுக்கு அதை விற்க உரிமையே கிடையாது. திருட்டு நகல் என்று தெரிந்தும் ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்துவதே காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். குறைந்தது 7 நாளிலிருந்து 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வணிகத்துக்காகப் பயன்படுத்துபவருக்குச் சிறையிலிருந்து தப்பும் சலுகையும் இல்லை. இன்றைக்குப் பாதிக்கப்பட்டவர் நீங்கள். அந்த பென் டிரைவை வாங்கிய நொடியில் பாதிக்கப்பட்டவர் அவர்கள் ஆகிவிடுவார்கள். 9 லட்சம் கேட்பவர் அப்புறம் 20 லட்சம் கேட்பார்.

இன்னொன்றும் இருக்கிறது. வேலையை விட்ட பிறகும் அவனிடம் உங்கள் சாஃப்ட்வேரின் நகல் இருக்கிறது என்றால், உங்கள் தொழிலாளர்களின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், கைரேகை வருகைப்பதிவு எல்லாம் கூட இருக்கலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையை வெளியே கொடுத்திருந்தாலும் தகவலுக்குப் பொறுப்பு அதைச் சேகரித்த நிறுவனத்துக்குத்தான். தக்க பாதுகாப்பு வைக்காததற்கு அந்தச் சட்டத்தில் இருக்கும் உச்ச அபராதம் 250 கோடி. உங்கள் அளவு நிறுவனத்துக்கு அந்தத் தொகை வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் சனிக்கிழமை கூலி வாங்க வரிசையில் நிற்கும் அந்த 180 பேரின் விவரம் யார் யார் பென் டிரைவில் இருக்கிறது என்று கேட்கும் கடமை உங்களுக்கு உண்டு. கோவை நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இதையும் கேளுங்கள்.

போலீஸ் புகார் பற்றி உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்: பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் மோசடி என்று நிற்க, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். பேசியபடி செய்யவில்லை என்பது மட்டும் மோசடி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. மூன்று வருடமாக ஓடும் சாஃப்ட்வேரைக் காட்டி, இவர்கள் ஆரம்பத்திலேயே ஏமாற்ற வந்தார்கள் என்று நிரூபிப்பது நடக்காத காரியம்.

அடியில் இருக்கும் அந்த இலவச மென்பொருள்

உங்கள் ஆபீஸ் பையன் சொன்னதை நீங்கள் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது அதுதான். அவனை உட்காரவைத்து, எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அலுவலக சர்வரில் அதன் உரிமக் கோப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்களில் இப்படிச் செய்துதரப்படும் பல சாஃப்ட்வேர்களுக்கு அடித்தளம் ஈஆர்பிநெக்ஸ்ட் அல்லது ஓடூவின் கம்யூனிட்டி பதிப்பு. இரண்டும் இலவசமாகக் கிடைக்கும் தொழில் நிர்வாக மென்பொருள்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நல்ல அடித்தளம்தான். ஆனால் இரண்டுக்கும் நிபந்தனைகள் வேறு. ஈஆர்பிநெக்ஸ்ட் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு உரிமத்தில் வருகிறது. அதன் மேல் கட்டியதை ஒருவர் இன்னொருவர் கையில் கொடுத்தால், சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டும், திருத்தவும் பகிரவும் அதே சுதந்திரத்தையும் கொடுக்க வேண்டும். ஓடூ கம்யூனிட்டி பதிப்புக்கு எல்ஜிபிஎல். அது இன்னும் தளர்வானது, தனியாக எழுதிச் சேர்த்த மாட்யூலை (தனிப் பகுதியை) தன் வசமே வைத்துக்கொள்ள இடம் கொடுக்கும்.

உங்கள் விஷயத்தில் தீர்மானிப்பது, சாஃப்ட்வேர் எங்கே ஓடுகிறது என்பது. அவர்களின் கிளவுடில் மட்டும் ஓடி, நீங்கள் பிரவுசரில் பார்த்துக்கொண்டிருந்தால், ஜிபிஎல்லின் கண்ணில் அது உங்கள் கைக்கு வரவே இல்லை, கோடு கேட்க முடியாது. ஆனால் 2023இல் உங்கள் அலுவலக சர்வரில் ஒரு நகலைப் போட்டார்களே, அன்றைக்கு அது உங்கள் கைக்கு வந்துவிட்டது. ஈஆர்பிநெக்ஸ்ட் எழுதப்பட்டிருப்பது பைத்தானில், பெரும்பாலும் எழுதிய வடிவிலேயே ஓடும் கணினி மொழி அது. அடித்தளம் அதுவானால், 9 லட்சம் கேட்கிறார்களே அந்தக் கோடின் பெரும்பகுதி, உங்கள் ஆபீஸ் மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்குள் ஏற்கெனவே படிக்கக்கூடிய வடிவில் இருக்க வாய்ப்பு அதிகம். அதைத் திருத்தி ஓட்டும் உரிமையும் உங்களுக்கு இருக்கலாம். அவர்கள் எழுதிச் சேர்த்த பகுதி தனிப் படைப்பா, அடித்தளத்தின் நீட்சியா என்பதில் வாதம் வரும். ஆகவே இதை ஒரு வக்கீலும், கோடு படிக்கத் தெரிந்த ஒருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும்வரை பெட்டியில் எதையும் மாற்ற வேண்டாம். பார்த்த பிறகு, 9 லட்சம் என்ற எண் அப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேசப் போகும்போது என்ன கேட்பது

உங்கள் அப்பா சொல்வதில் ஒரு பாதி சரி. கோர்ட்டு கடைசி வழியாகவே இருக்கட்டும். 3 லட்சத்துக்கு மேற்பட்ட வணிகத் தகராறு என்றால், அவசரத் தடையுத்தரவு தேவைப்படாத வரை, வழக்குக்கு முன் சமரசம் பேசிப் பார்ப்பதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவு அது. மாதக் கடைசிக்குள் சர்வர் நிற்கும் நிலை வந்தால் மட்டும் தடையுத்தரவு கேட்டு நேராகப் போகலாம். ஆனால் "கேட்டதைக் கொடுத்துவிடு" என்ற மறுபாதியை நான் ஏற்கவில்லை. என்ன வாங்குகிறோம் என்று தெரியாமல் 9 லட்சம் கொடுப்பது தண்டம்.

நீங்கள் "சொந்தம்" என்று கேட்கிறீர்கள். உங்களுக்குச் சொந்தம் தேவையா என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் சாஃப்ட்வேர் விற்கப் போவதில்லை. உங்களுக்கு வேண்டியது, காலவரம்பு இல்லாமல் ஓட்டும் உரிமை, திருத்தும் உரிமை, வேறு யாரை வைத்தும் திருத்திக்கொள்ளும் உரிமை. இதை எழுத்தில் ஓர் உரிமமாக வாங்கினால் போதும். அவர்களுக்கும் இது லாபம், இதே சாஃப்ட்வேரைத் திருப்பூரில் இன்னும் பத்துப் பேருக்கு விற்கலாம். அதனால் உரிமை மாற்றத்தைவிட மிகக் குறைந்த விலைக்கு இறங்கி வருவார்கள். உங்கள் காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) முறை போட்டியாளருக்குப் போய்விடுமோ என்ற பயம் அண்ணனுக்கு இருந்தால், அந்த ஒரு மாட்யூலுக்கு மட்டும் உரிமை மாற்றமும், உங்கள் தகவலுக்கு ரகசியக் காப்பும் கேளுங்கள். உரிமை மாற்றம் எழுதும்போது முழு காப்புரிமைக் காலத்துக்கும், உலகம் முழுதுக்கும் என்று எழுத மறக்காதீர்கள். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும் என்ற 19ஆம் பிரிவின் விதி இதற்குப் பொருந்தாது என்றும் ஒரு வரி சேருங்கள்.

சோர்ஸ் கோடு ஒப்படைப்பு என்றால் ஒரு ஜிப் கோப்பு அல்ல. பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், நல்ல தொகை கொடுத்து வாங்கிய கோடை ஓட்டவே முடியாமல் தவித்தார். பாதி லைப்ரரி (துணை நிரல்கள்) இல்லை, டேட்டாபேஸ் அமைப்புக் கோப்பு இல்லை, எப்படி நிறுவுவது என்று ஒரு வரி இல்லை. அதனால், வெறும் கம்ப்யூட்டர் ஒன்றில் உங்கள் ஆள் அந்தக் கோடிலிருந்து முழு சாஃப்ட்வேரையும் நிறுவி, உங்கள் பேக்கப்பை ஏற்றி, ஒரு நாள் கணக்கை ஓட்டிக் காட்டிய பிறகுதான் பணத்தின் பெரும்பகுதி என்று எழுதுங்கள். கூடவே பயன்படுத்திய வெளி மென்பொருள்களின் பட்டியலும், மூன்று மாதம் சந்தேகம் தீர்க்கும் உதவியும் வேண்டும். நிறுத்தி வைத்த 2.5 லட்சத்தையும் இந்தப் பேச்சிலேயே சேர்த்து முடியுங்கள். தனியாகத் தொங்கவிட்டால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

நாலு பேர், பொங்கல் லீவு

சொந்த ஆட்களை வைக்கும் யோசனையில் ஒரு சட்ட வசதி உண்டு. சம்பள ஊழியர் எழுதுவது தானாகவே உங்களுக்குச் சொந்தம். வேலை நியமனக் கடிதம் முறையாக இருக்கட்டும். பகுதி நேரமாக வெளியிலிருந்து எழுதித் தருபவர் ஊழியர் ஆக மாட்டார், அவரிடம் எழுதி வாங்க வேண்டும்.

ஆனால் நாலு பேர் வேண்டாம் என்பது என் கருத்து. நல்ல டெவலப்பர் பின்னலாடை நிறுவனத்தில் நிலைப்பது கடினம். இரண்டு வருடத்தில் அவர் கோவைக்கோ பெங்களூருக்கோ போவார், எழுதியதைப் புரிந்துகொள்ள ஆள் இல்லாமல் நீங்கள் இன்றைய நிலைக்கே திரும்புவீர்கள். கணக்கு, ஜிஎஸ்டி, சம்பளம் எல்லாம் டேலி போன்ற கடைச் சரக்கிலேயே நடக்கும், அதற்குக் கோடு எழுதுவது வீண். உங்களுக்கே உரியது ஜாப் ஒர்க் தொடர்வதும் ஸ்டைல் வாரியான காஸ்டிங்கும் மட்டும். அதற்கு உள்ளே ஒரே ஒருவர் போதும், தொழில் தெரிந்தவராக. எழுதும் வேலையை வெளியே கொடுங்கள். ஆனால் கோடு வைக்கும் கிட்ஹப் கணக்கு, கிளவுட் கணக்கு, டொமைன் மூன்றும் முதல் நாளிலிருந்தே உங்கள் நிறுவனத்தின் பெயரில், உங்கள் கார்டில் இருக்க வேண்டும். அவர்கள் உங்கள் வீட்டுக்குள் வந்து வேலை செய்துவிட்டுப் போகட்டும். சாவி உங்களிடம் இருக்கட்டும்.

பொங்கல் லீவில் ஒரே மூச்சாக மாறுவது பற்றி ஓர் உண்மைச் சம்பவம். இங்கிலாந்தின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்கை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. அமைப்பைக் கட்டியது தாய் வங்கியின் மென்பொருள் நிறுவனம். திங்கட்கிழமை வந்தபோது ஏராளமானவர்களால் தங்கள் பணத்தைப் பார்க்கவே முடியவில்லை, எல்லாம் சீராக மாதக்கணக்கு ஆனது. 2022இல் ஒழுங்குமுறை அமைப்புகள் வங்கிக்கு 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டன. அடுத்த ஆண்டு, அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரிக்குத் தனிப்பட்ட முறையில் 81,620 பவுண்டு அபராதம். வெளியே கொடுத்த வேலையைச் சரியாக மேற்பார்வை செய்யவில்லை என்பதுதான் அவர்மேல் வந்த குற்றச்சாட்டு. அத்தனை பணமும் ஆளும் இருந்தவர்களுக்கே அப்படி.

நீங்கள் ஒரே ஒரு பையரின் ஆர்டரை மட்டும் புதியதில் ஏற்றுங்கள். பழையதும் கூடவே ஓடட்டும். இரண்டு மாதம் ஜாப் ஒர்க் கணக்கும் கூலியும் இரண்டிலும் ஒத்துப்போன பிறகு அடுத்த பையர். பொங்கலுக்கு ஊருக்குப் போன தொழிலாளர் திரும்பி வரும் முதல் சனிக்கிழமை, கூலிச் சீட்டு வராமல் நின்றால் உங்களால் தாங்க முடியுமா என்று நினைத்துப் பாருங்கள்.

மாதக் கடைசி நெருங்குகிறது. இன்றைக்கே பேக்கப். நாளைக்கு அந்தப் பையனுக்கு "வேண்டாம்" என்று ஒரு வரி, எழுத்தில். அப்புறம் கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், அந்த மெயில், அவர்களின் பில்கள், குறைகளைச் சொன்ன வாட்ஸ்அப் செய்திகள், அலுவலக சர்வரில் கிடைக்கும் உரிமக் கோப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மென்பொருள் ஒப்பந்தங்கள் பார்க்கும் வக்கீல் ஒருவரைப் பாருங்கள். அண்ணனையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மூன்று பேரும் மூன்று திசையில் இருக்கிறீர்கள், கோவைக்காரர்களிடம் பேசப் போவதற்கு முன் அது முடிய வேண்டும்.